ஐம்பத்து நான்கு சதவிகிதம்

அந்தத் தெருவில் போய், "தராசு ஒரு எண்ணைத் தப்பாகப் போட்டாள், அதுவும் தெரிந்தே போட்டாள்" என்று சொல்லிப் பாருங்கள். டயர் கடைக்காரர் சிரிப்பார். கண்ணாடிக் கடைக்காரர் "உங்களுக்கு வேற வேலை இல்லையா?" என்பார். பட்டறை முதலாளியான அவளுடைய அண்ணனோ சட்டையைப் பிடிக்கவே வந்துவிடுவார். தராசு என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை, பட்டறை வைத்தது. பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்தால்கூட ஆளுக்கு எத்தனை என்று எண்ணிக் கொடுத்துவிட்டு, மிஞ்சுகிற ஒன்றைச் சரிபாதியாக உடைக்கிற பெண்பிள்ளைக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? அப்படிப்பட்டவள்தான் போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, பட்டப்பகலில், முழு நினைவோடு, ஒரு காரின் குதிரைத்திறனைக் குறைத்துக் காட்டினாள். காரணம் ரொம்பச் சின்னது. அவளுக்குத் தன் கணவரைப் பார்க்க வேண்டும்போல இருந்தது.

பட்டறையில் என்ன நடக்கிறது என்று தெரிந்தால்தான் அவள் செய்த காரியத்தின் கனம் தெரியும். கார் கம்பெனிக்காரர்கள் தங்கள் விளம்பரத் தாளில் இருநூற்று நான்கு குதிரைத்திறன், முன்னூற்றுப் பத்து டார்க் என்று பெரிய எழுத்தில் போடுவார்கள். டார்க் என்பது சக்கரத்தைத் திருகுகிற பலம். சிக்னலில் பச்சை விழுந்ததும் முதுகை சீட்டோடு அழுத்துகிறதே, அது. அந்தப் பலத்தை வேகம் ஏற ஏற விடாமல் எவ்வளவு தூரம் கொண்டுபோக முடிகிறது என்பதைக் குதிரைத்திறன் சொல்லும். தாளில் இருப்பது மோட்டாரின் கணக்கு. சக்கரத்துக்கு வந்து சேர்வதற்குள் பல்சக்கரம் கொஞ்சம் தின்னும், டயர் கொஞ்சம் தின்னும். மிச்சம் எவ்வளவு என்று அளந்து சொல்வதுதான் பட்டறையின் பிழைப்பு. தரையில் பதித்த இரும்பு உருளைகளின் மேல் காரை ஏற்றி, நாலு மூலையிலும் பட்டை வாரால் இறுக்கிக் கட்டுவார்கள். ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலை அடிவரை மிதிப்பார். கார் நின்ற இடத்திலேயே நூற்று நாற்பதில் ஓடும். உருளை சுற்றுகிற சுற்றை வைத்துக் கண்ணாடி அறையில் இருக்கிற கம்ப்யூட்டர் கோடு போடும். அந்தக் கோட்டின் உச்சிதான் அசல் எண். கார் வாங்குவோர் சங்கம் ஒன்று அதை வாங்கித் தன் இணையப் பக்கத்தில் பட்டியலாகப் போடும். கார் வாங்குகிறவர்கள் ஜாதகம் பார்க்கிற மாதிரி அந்தப் பட்டியலைப் பார்ப்பார்கள்.

கண்ணாடி அறையில் தராசு. காருக்குள் அவர், பிற்பாடு அவளுக்குக் கணவரானவர். பன்னிரண்டு வருடம் இப்படித்தான் ஓடியது. மிதிக்கிற வேலை என்பதால் அவருக்கு மிதி என்று பெயர் விழுந்தது. பெடலைப் பாதியில் தயங்காமல், உதறாமல், ஒரே மூச்சில் அழுத்துவதற்கு ஒரு கால் வேண்டும். அது அவருக்கு இருந்தது. மூன்று தடவை ஓட்டினால் மூன்று கோடும் ஒன்றன் மேல் ஒன்று படுத்துக்கொள்ளும். நான்காவது வருடம் கல்யாணம் ஆனது. "எடை போட்டுப் பாத்துத்தான் ஒத்துக்கிட்டியா?" என்று அண்ணன் கேட்டதற்கு அவள், "ஆமா, கொஞ்சம் கூடவே இருந்தாரு" என்றாள். அவளும் கேலி பேசிய காலம் அது.

அவர்களைப் பிரித்ததும் ஓர் எண்தான். பெட்ரோல் என்ஜின் மூச்சுவிடுகிற சாமான். வெயில் ஏறிக் காற்று இளகினால் அதற்குப் பலம் குறையும். அதனால் அன்றைய வெயிலையும் காற்றழுத்தத்தையும் பார்த்து எண்ணைக் கொஞ்சம் கூட்டிப் போடுவது வழக்கம், கம்ப்யூட்டரே கூட்டிக்கொள்ளும். மின்சார மோட்டாருக்கு மூக்கும் கிடையாது, நுரையீரலும் கிடையாது. அதற்கு எதற்குக் காற்றுக் கணக்கு? மின்சாரக் கார் வந்தால் ஒரு சின்னக் கட்டத்தில் இருக்கிற டிக்கை எடுத்துவிட வேண்டும். அவள் காய்ச்சலில் படுத்திருந்த மூன்று வாரம் கண்ணாடி அறையையும் அவர்தான் பார்த்துக்கொண்டார். இருபது வருடம் பெட்ரோல் வண்டியோடு குடித்தனம் நடத்திய கை, டிக்கை எடுக்க மறந்துவிட்டது. பதினோரு மின்சாரக் கார்கள். பதினோரு எண்களும் நூற்றுக்கு நாலு கூடுதல்.

காய்ச்சல் விட்டு வந்த அன்றே தராசு அதைக் கண்டுபிடித்தாள். அன்று மத்தியானமே திருத்தம் எழுதிச் சங்கத்துக்கு அனுப்பினாள். 'அளந்தவரின் கவனக்குறைவு' என்று எழுதி, அளந்தவரின் பெயரையும் முழுசாகப் போட்டாள். அளந்தவர் அப்போது பத்தடி தள்ளி ஒரு காருக்கு வார் கட்டிக்கொண்டிருந்தார். விஷயத்தை அவர் டயர் கடைக்காரரின் போனில்தான் படித்தார்.

"தப்பு என்னுதுதான். இல்லைன்னு சொல்லல," என்றார் அன்றைக்கு வீட்டில். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு அனுப்பியிருக்கலாம்ல?"

"சொன்னா எண்ணு மாறிடுமா?"

"எண்ணு மாறாது. நான் டயர் கடையில நின்னு முழிச்சிருக்க மாட்டேன்."

அவளுக்கு அப்போது அது புரியவில்லை. சரியான எண்ணைப் போடுவதில் யாரைக் கேட்க வேண்டும் என்றுதான் தோன்றியது. இரண்டு மாதம் ஒரே வீட்டில் இரண்டு பேரும் விருந்தாளிகள் மாதிரி நடந்துகொண்டார்கள். பிறகு ஒரு கார் கம்பெனியின் அளவுப் பிரிவில் அவருக்கு வேலை கிடைத்தது. ரயிலில் ஒன்பது மணி நேரம். "வர்றியா?" என்று கேட்டார். "பட்டறையை யாரு பாப்பா?" என்றாள். அவர் இரண்டாம் தடவை கேட்கவில்லை. அவள் போகாதீங்க என்று சொல்லவும் இல்லை. விவாகரத்து, வக்கீல் என்று யாரும் பேச்சே எடுக்கவில்லை. முதலில் தினமும் போன் வந்தது, பிறகு ஞாயிறுதோறும், பிறகு யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் மட்டும். நல்ல காலமோ கெட்ட காலமோ, குடும்பத்தில் எல்லோரும் திடமாகவே இருந்தார்கள். மூன்று வருடம் போய்விட்டது.

இந்த மூன்று வருடமும் மிதிக்கிற வேலையை அண்ணன்தான் செய்தார். அண்ணனுக்கு முட்டி வலி. ஒவ்வொரு மிதிக்கும் "அம்மாடி" என்பார். மின்சாரக் கார் சத்தம் போடாது என்பதால் அந்த அம்மாடி கண்ணாடி அறை வரைக்கும் கேட்கும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அண்ணனின் வழுக்கையைப் பார்க்கும்போதெல்லாம் அவள் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். ஏன் என்று அண்ணனுக்குத் தெரியாது. தூசி என்பாள்.

அவர் வேலை பார்க்கிற கம்பெனி தன் சோதனை ரிப்போர்ட்டுகளை இணையத்தில் போட்டுவைக்கும். சில ரிப்போர்ட்டுகளின் அடியில் அவர் கையெழுத்து இருக்கும். அவள் அந்த ரிப்போர்ட்டுகளை இறக்கிக் கடைசிப் பக்கத்தை மட்டும் பார்ப்பாள். முன்பெல்லாம் கடைசி எழுத்தின் வாலை நீளமாக இழுப்பார். இப்போது வால் சுருங்கிவிட்டது. ஏன் சுருங்கியது, தூங்குகிறாரா, வேளைக்குச் சாப்பிடுகிறாரா, யார் சமைக்கிறார்கள் என்று அந்த வாலை வைத்துக்கொண்டு அரைமணி நேரம் உட்கார்ந்திருப்பாள். போனை எடுத்து 'எப்படி இருக்கீங்க' என்று அடிப்பாள். அழிப்பாள். ஆயிரம் எண்ணைக் கை நடுங்காமல் அனுப்பியவளுக்கு இந்த இரண்டு வார்த்தையை அனுப்பத் தைரியம் வரவில்லை. பதில் வராமல் போய்விட்டால் என்ன செய்வது?

அப்படிப் பார்த்த ஒரு ரிப்போர்ட்டில்தான் அந்த விதி கண்ணில் பட்டது. வெளியே எந்தப் பட்டறையாவது கம்பெனிக் காரை அளந்து, எண் தாளில் இருப்பதைவிட நூற்றுக்குப் பத்துக்கு மேல் குறைந்தால், கம்பெனியே ஆள் அனுப்பி மறுபடி அளக்கச் சொல்லிப் பக்கத்தில் நின்று பார்க்கும். அந்த ரிப்போர்ட்டில் நின்று பார்த்தவர் என்று கையெழுத்துப் போட்டிருந்தது அவர்தான்.

அதைப் படித்த நாளிலிருந்து அவள் அவளாக இல்லை. குழம்புக் கரண்டியைப் பிடித்தபடி அடுப்பங்கரையில் நிற்பாள். கறுகும் வாசனை வந்தபிறகுதான் சுயநினைவு வரும்.

இரண்டு மாதம் கழித்து அந்தக் கம்பெனியின் புதுக் கார் ஒன்று வந்தது. ஒரு பல் டாக்டருடையது. சங்கத்துக்காக மூன்று நாள் இரவல் கொடுத்திருந்தார். தாளில் இருநூற்று நான்கு. பேட்டரி தொண்ணூற்றொரு சதவிகிதம். மின்சாரக் காரை அளப்பதில் முதல் பாடம், சார்ஜ் எண்பதுக்கு மேல் இருக்க வேண்டும். சார்ஜ் இறங்கினால் பேட்டரியின் மின்னழுத்தம் இறங்கும், அதோடு குதிரைத்திறனும் இறங்கும். இது பட்டறை வாசலில் டீ கொண்டுவருகிறவருக்குக்கூடத் தெரியும்.

"டயர் சத்தம் ஏதோ மாதிரி இருக்குண்ணா. ஒரு சுத்து ஓட்டிப் பாத்துட்டு வரேன்," என்றாள்.

"ஓட்டு. ஆனா சார்ஜைத் தீத்துடாதே," என்றார் அண்ணன். நம்பினவர் அதற்குமேல் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

அவள் மூன்று மணி நேரம் ஊரைச் சுற்றினாள். சுற்றுவட்டச் சாலையில் வேகமாக, பிறகு ஏசியை முழுசாக வைத்துக்கொண்டு கடைத்தெரு நெரிசலில் மெதுவாக, பிறகு மறுபடி சாலை. தொண்ணூற்றொன்று எண்பதானது, எழுபதானது. எழுபதில் திரும்பிவிடலாம் என்று நினைத்தாள். திரும்பவேண்டிய இடத்தில் கை திரும்பவில்லை. அவர்கள் முதலில் குடியிருந்த மாடி வீட்டுத் தெருவுக்குப் போனது. சமையலறைச் சுவரில், புகையை வெளியே தள்ளுகிற காற்றாடியை அவர் தலைகீழாக மாட்டி, தெருத் தூசி எல்லாம் குழம்பில் விழுந்து, ஒருவாரம் சிரித்துக் கிடந்தார்கள். காற்றாடி இன்னும் அப்படியே இருந்தது. இப்போது குடியிருக்கிறவர்களும் தூசிதான் தின்கிறார்கள் போலிருக்கிறது. கீழே காரை நிறுத்திக்கொண்டு தராசு அழுதாள். பின்னால் ஒரு வேன்காரர் ஹாரன் அடித்தார். "போறேன், போறேன்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே வண்டியை எடுத்தாள். பட்டறைக்குத் திரும்பியபோது ஐம்பத்து நான்கு.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. சார்ஜைச் சரிபார்ப்பது எப்போதும் தராசின் வேலை, அவள் பார்த்தபிறகு அண்ணன் அந்த எண்ணைப் பார்ப்பதே இல்லை. அண்ணன் மூன்று தடவை மிதித்தார், மூன்று அம்மாடி சொன்னார். நூற்று எழுபத்திரண்டு, எழுபத்தொன்று, எழுபத்திரண்டு. "என்னடா இது, இவ்வளவு பெரிய கம்பெனி இப்படிப் புளுகியிருக்கான்!" என்று அண்ணன் கொதித்தார். அவள் எண்ணைச் சங்கத்துக்கு அனுப்பினாள். முதல் பக்கத்தில் குதிரைத்திறனும் டார்க்கும் மட்டும் இருக்கும். கோடுகளும், பேட்டரி சூடும், சார்ஜும் கம்ப்யூட்டர் தானாகவே எழுதிக்கொள்கிற கடைசிப் பக்கத்தில் இருக்கும். அதை யாரும் திறப்பதில்லை. அந்தப் பக்கத்தை அவள் நீக்கியிருக்கலாம். நீக்கவில்லை. பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள் சொன்ன பொய் அப்படித்தான் இருந்தது.

எட்டாம் நாள் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. 'எங்கள் அலுவலர் ஒருவர் வருவார்.' யார் என்று போடவில்லை. அடுத்த ஆறு நாளும் அவள் ராத்திரி கண்ணை மூடவில்லை. வேறு யாராவது வந்து இறங்கினால்? முன்பின் தெரியாத ஒருவருக்காகவா பட்டறையின் இருபத்து நான்கு வருடப் பெயரைக் கொண்டுபோய் உருளையில் கொடுத்தோம்? 

காலை பத்து மணிக்கு வாசலில் டாக்சி நின்றது. இறங்கியவருக்கு மூக்குக் கண்ணாடி வந்திருந்தது. காதோரம் நரைத்திருந்தது. கழுத்தில் கம்பெனி அட்டை. ஆனால் டாக்சிக் கதவை உதறாமல், ஒரே மாதிரி அழுத்திச் சாத்திய விதத்தில் ஆள் மாறவில்லை. அவள் கண்ணாடி அறைக்குள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

அண்ணன்தான் பாவம் திண்டாடினார். "வாங்க மாப்ள... இல்ல, வாங்க சார்... அட, உள்ள வாங்க!"

"மாப்ளன்னே கூப்பிடுங்க மச்சான். சார்னா யாரோ பின்னால நிக்கிற மாதிரி இருக்கு," என்றார் அவர். பிறகு அவள் பக்கம் திரும்பி, "நல்லா இருக்கியா?" என்றார்.

"இருக்கேன். நீங்க?"

"இருக்கேன்."

மூன்று வருடத்துக்கான பேச்சு அவ்வளவுதான். பல் டாக்டர் கார் தயாராக இருந்தது, "இன்னும் எத்தனை தடவைம்மா என் வண்டியைக் கட்டிப் போடுவீங்க?" என்று அலுத்துக்கொண்டேதான் கொடுத்திருந்தார். சார்ஜ் தொண்ணூறு. நின்று பார்க்க வந்தவர் காரைத் தொடக் கூடாது என்பது விதி. அதனால் அவர் கண்ணாடி அறையில், அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றார். பட்டறையில் பன்னிரண்டு வருடம் கண்ணாடிக்கு அந்தப் பக்கமே பார்த்த ஆள். இந்தச் சின்ன அறையில் பக்கத்தில் நின்றால் அவர் மூச்சுச் சத்தம்கூடக் கேட்கிறது என்பது அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. 

அண்ணன் மிதித்தார். நூற்று எண்பத்தேழு. பத்து நிமிடம் ஆறவிட்டு மறுபடி. நூற்று எண்பத்தாறு. மறுபடி நூற்று எண்பத்தேழு.

காரிலிருந்து இறங்கி வந்து திரையைப் பார்த்த அண்ணனின் முகம் வெளிறியது. "அப்ப போன தடவை...? உருளை ஏதாச்சும் கோளாறா? மாப்ள, சத்தியமா எங்க மேல..."

"மச்சான், டாக்டர் வண்டியைக் கொண்டுபோய் விட்டுட்டு வந்துடுங்களேன். பாவம், பேஷண்ட் காத்திருப்பாங்க," என்றார் அவர். பல் டாக்டரின் நோயாளிகளுக்கும் அவர் காருக்கும் என்ன சம்பந்தம் என்று அண்ணன் கேட்கவில்லை. இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு போனார்.

அவர் பையிலிருந்து சில தாள்களை எடுத்து மேஜையில் பரப்பினார். அவள் அனுப்பிய ரிப்போர்ட்.

"ஆபீஸ்ல எல்லாரும் மொதல் பக்கத்தைப் பாத்துட்டுக் கத்திக்கிட்டு இருந்தாங்க. நான் கோட்டைப் பாத்தேன்," என்றார். "டார்க் அப்படியே நிக்குது, ஒரு பொட்டுகூடக் குறையல. வேகம் ஏறினப்புறம் குதிரைத்திறன் மட்டும் மேல போக முடியாம சரியுது. மோட்டார் நல்லா இருக்கு, பேட்டரிக்குத்தான் தெம்பு இல்ல. கடைசிப் பக்கத்தைத் திறந்தேன். சார்ஜ் அம்பத்தி நாலு."

அவள் அந்தத் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"அம்பத்தி நாலுல அளக்கிற ஆளா நீ?"

"இல்ல."

"மறந்துட்டியா?"

மறந்துவிட்டேன் என்று சொல்லியிருந்தால் அத்தோடு போயிருக்கும். அவர் நம்பியதுபோல் நடித்துவிட்டுப் போயிருப்பார். "மறக்கல," என்றாள். "வேணும்னே இறக்கினேன். எண்ணு குறைஞ்சா நீங்க வருவீங்கன்னு பண்ணேன். உங்களைப் பாக்காம என்னால இருக்க முடியல. போன் பண்ணத் தைரியம் இல்ல. எனக்கு வேற வழி தெரியல."

அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். துடைத்துவிட்டும் போட்டுக்கொள்ளவில்லை.

"எனக்காக நீ ஒரு எண்ணை ஒருநாள் தள்ளி அனுப்பமாட்டேங்கிற கோவத்துலதான் நான் போனேன்," என்றார். "இப்ப நீ எனக்காக எண்ணையே கெடுத்து வெச்சிருக்கே. சந்தோஷப்படணும்னு பாக்குறேன். பயமாத்தான் இருக்கு. சங்கத்துக்குத் தெரிஞ்சா பட்டறையைப் பட்டியல்லேருந்து எடுத்துடுவாங்க, தெரியுமா?"

"தெரியும்."

"காரோட சார்ஜ் மீட்டர் தப்பாக் காட்டிருச்சுன்னு எழுதிடலாம். புது வண்டில அப்படி ஆகுறதுதான். நான் கையெழுத்துப் போட்டா யாரும் கேக்கமாட்டாங்க."

அவள் திரையில் ஒரு பக்கத்தைத் திறந்து அவர் பக்கம் திருப்பினாள். திருத்தம். முந்தின நாளே எழுதி வைத்தது. சரியான எண்ணுக்கு மட்டும் இடம் விட்டிருந்தாள். தவறு அளந்தவருடையது, தெரிந்தே செய்தது, காரில் எந்தக் கோளாறும் இல்லை, பட்டறை உரிமையாளருக்கு இதில் பங்கு இல்லை. கீழே அவளுடைய பெயர், முழுசாக.

"இன்னும் அனுப்பல," என்றாள். "உங்ககிட்டக் காட்டிட்டு அனுப்பலாம்னு வெச்சிருக்கேன்."

அவர் அதை இரண்டு தடவை படித்தார். படித்து முடித்தபிறகும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் உதடு கோணுவதை அவள் பார்த்தாள். பார்க்காததுபோல் இடம் விட்டிருந்த கட்டத்தில் நூற்று எண்பத்தேழு என்று அடித்தாள்.

"மச்சானுக்குத் தெரியுமா?"

"சாயங்காலம் சொல்லணும். கத்துவாரு. கத்தட்டும்."

"அனுப்பு."

அனுப்பினாள். அனுப்பிவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டாள். தலையிலிருந்து ஒரு மூட்டையை இறக்கிவைத்த மாதிரியும் இருந்தது, இனிமேல் தூக்க எதுவுமில்லை என்பது மாதிரியும் இருந்தது. வேலை முடிந்துவிட்டது. ஐந்து மணிக்கு அவருக்கு ரயில்.

அவர் இன்னும் எழுந்திருக்கவில்லை. பையைத் துழாவி இன்னொரு தாளை எடுத்தார். "நீ மட்டும் இல்ல. நானும் ஒண்ணு பண்ணியிருக்கேன்," என்று அவள் முன்னால் வைத்தார்.

கம்பெனிப் படிவம். நின்று பார்க்கப் போகிறவர் கிளம்புவதற்கு முன்னால் நிரப்பிக் காட்டிவிட்டு, பிறகு ரிப்போர்ட்டோடு சேர்த்துக் கொடுக்கவேண்டியது. பெயர், பதவி, போகிற இடம். ஐந்தாவது வரியில் ஒரு கேள்வி: அளப்பவரோடு உங்களுக்கு உறவு ஏதும் உண்டா? அதற்கு நேராக அவருடைய கையெழுத்தில், இல்லை.

அந்த ஒரு வார்த்தை அவளை உலுக்கிவிட்டது. மூன்று வருடத்தில் ஒருவரும் வாய்விட்டுச் சொல்லாததை, மாமியார் சொல்லாததை, அண்ணி சொல்லாததை, அவரே மசியால் எழுதிவைத்திருக்கிறார்.

"இல்லைன்னா எழுதினீங்க?" அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"உண்டுன்னு எழுதினா வேற ஆளை அனுப்பிடுவாங்க. உறவுக்காரங்க போகக்கூடாது, அதான் விதி," என்றார். "அம்பத்தி நாலைப் பாத்ததும் எனக்குப் புரிஞ்சுபோச்சு. வேற ஆளு வந்து நின்னா நீ என்ன ஆவேன்னு தோணுச்சு. எழுதுறப்ப கை ஓடல. பேனா நின்னு நின்னு போச்சு, பாரு."

அவள் குனிந்து பார்த்தாள். முதல் எழுத்து பட்டையாக மசி ஊறியிருந்தது. எழுத்துக்களைப் படிக்க முடியாதபடி கண் நிறைந்துவிட்டது. அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள். எத்தனை நேரம் என்று அளக்கவில்லை.

வாசலில் டீக்காரர் வந்து பார்த்துவிட்டு, சத்தம் போடாமல் இரண்டு கிளாஸை வைத்துவிட்டுப் போனார்.

"நீ திருத்திட்டே. நானும் திருத்தணும்," என்றார் அவர். பேனாவை எடுத்து 'இல்லை'யின் மேல் ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் 'உண்டு' என்று எழுதினார். அதன்கீழே படிவம் அடுத்த கேள்வியை வைத்திருந்தது: உண்டு என்றால், என்ன உறவு? பேனா அங்கே நின்றது. அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். "இங்க என்ன எழுதட்டும்?"

"உங்களுக்குத் தெரியாதா?"

"மூணு வருஷமாத் தெரியாமத்தான் இருக்கேன். நீ சொல்லு."

"மனைவின்னு எழுதுங்க."

"யோசிச்சுச் சொல்லு. அதை எழுதிட்டா இனிமே இந்தப் பட்டறை விஷயமா எதுக்கும் என்னை அனுப்பமாட்டாங்க. நீ எத்தனை வண்டி சார்ஜை இறக்கினாலும் வேற எவனாவதுதான் வந்து நிப்பான்."

"அனுப்பி வர்றவரு எனக்கு வேணாம்," என்றாள் தராசு. "எழுதுங்க."

அவர் எழுதினார். எழுத்து கொஞ்சம் கோணலாகத்தான் வந்தது.